இடம்விட்டு வளர்த்தவர்: கரம்பொன் தந்த தனிநாயகம் அடிகளும் நாளைய தலைவர்களும்

1964 ஜனவரி. கீழைத்தேயவியல் அறிஞர்களின் 26ஆவது அனைத்துலக மாநாட்டுக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் பேராசிரியர்கள் புதுடில்லிக்கு வந்திருந்தார்கள். அந்த மாநாட்டுக்கு இடையிலேயே தமிழை ஆராய்பவர்கள் மட்டும் தனியே ஒரு கூட்டம் கூடினார்கள். அதைக் கூட்ட முன்னின்றவர் ஒரு கத்தோலிக்கக் குரு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த சேவியர் தனிநாயகம் அடிகள். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

அன்று அமைந்த பொறுப்பாளர் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைவர், பிரான்சு நாட்டின் ழான் ஃபிலியோசா. துணைத்தலைவர்களாகப் பரோ, எமனோ முதலிய மூத்த அறிஞர்கள். கனவு கண்டு, கடிதம் எழுதி, ஆட்களைச் சேர்த்த அடிகளாரின் பெயர் செயலாளர் வரிசையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பையும் அவர் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. செக் நாட்டைச் சேர்ந்த கமில் சுவெலபில் உடன் செயலாளர். அப்போது அவருக்கு வயது 36. மன்றத்தைத் தொடங்கும் முயற்சியில் அடிகளாரோடு தோள் கொடுத்த வ.அய். சுப்பிரமணியத்துக்கு 37. அடிகளாருக்கு ஐம்பது.

தலைமை நாற்காலியை மூத்தவருக்குக் கொடுத்தார். வேலையை இளையவர்களோடு பகிர்ந்தார். இன்று யாழ்ப்பாணத்தின் பங்குகளிலும் குருமடங்களிலும், சென்னையின் திருச்சபைகளிலும், ரொறன்ரோ, லண்டன் தமிழ்ச் சபைகளிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: அடுத்த தலைமுறைத் தலைவர்களை எப்படித் தயாரிப்பது? பதிலைத் தேடிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை 2018 அக்டோபரில் உரோமையில் இளையோருக்கென்றே ஆயர் மாமன்றம் கூட்டியது; அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் இளையோருக்கென்று ஒரு திருத்தூது ஊக்கவுரையே எழுதினார். அந்தப் பதிலின் பெரும்பகுதி நம் தீவுப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊர்

கரம்பொன், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடுத்த ஊர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியில் ஏறி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று வந்தால் வேலணைத் தீவின் வடமேற்கு முனையை அடையலாம். எதிரே காரைநகர். நடுவே கடலுக்குள் பறங்கியர் கட்டிய கடற்கோட்டை. ஒல்லாந்தர் வந்தபோது தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப் ஆனது, இந்தத் தீவு லைடன் ஆனது. கத்தோலிக்கக் குருமாரையும் தடைசெய்தார்கள்.

அந்தத் தடைக்காலம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பிறகு, குரு இல்லாமல், பூசை இல்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார், சில்லாலையில் தங்கினார். பிறகு கண்டி இராச்சியத்துக்குப் போய் ஒற்றன் என்று சிறைப்பட்டார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இலங்கை முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. ஒரே ஆள் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? அவர் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தார். மூப்பர் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குப் பொறுப்பு. அண்ணாவி பிள்ளைகளுக்கு மந்திரமும் வேதமும் சொல்லிக்கொடுப்பவர், ஞாயிறு தோறும் சனங்களைக் கூட்டிச் செபம் நடத்துபவர். வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16இல் இறந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள், குரு இல்லாத ஊரில் அண்ணாவி வாசித்துக் காட்டுவதற்கென்றே தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் நம் கோயில்களில் ஓதப்படுகிறது.

வாஸ் அடிகளை 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது, அவருடைய நடையும் பட்டினியும் சிறையும் நினைவுகூரப்பட்டன. என்னைக் கேட்டால் அவருடைய ஆகப்பெரிய செயல் அந்த அண்ணாவிமார்தான். தான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் வைத்துவிட்டுப் போன தலைவர் அவர். குரு வந்தால்தான் சபை என்ற நிலை இருந்திருந்தால் ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கரையோரங்களில் கத்தோலிக்கம் அழிந்துபோயிருக்கும்.

ஒரு பிள்ளையை எத்தனை பேர் வளர்த்தார்கள்

1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி கரம்பொன்னில், பின்னாளில் தனிநாயகம் அடிகளான சேவியர் ஸ்தனிஸ்லாஸ் பிறந்தார். தாய் சிசிலியா இராசம்மா இந்த ஊர். தந்தை ஹென்றி ஸ்தனிஸ்லாஸ் கணபதிப்பிள்ளை நெடுந்தீவு. ஆரம்பப் படிப்பு ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பள்ளியில். பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில். அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் நடத்திய அந்தக் கல்லூரி 1850இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியின் தொடர்ச்சி. ஆங்கிலமும் இலத்தீனும் அங்கே நன்றாகக் கிடைத்தன. தமிழ் அப்படிக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து மிசன் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் குறை அது, இதை ஒளிக்கவேண்டியதில்லை.

கொழும்பு புனித பெர்னார்து குருமடம், பிறகு 1934 முதல் உரோமையில் உர்பன் பல்கலைக்கழகம். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்பிரியானின் காலத்துக் குருமாரைப் பற்றி ஆய்வு செய்து இறையியலில் முனைவரானார். உரோமையில் படித்த தமிழ் மாணவர்கள் சேர்ந்து வீரமாமுனிவர் கழகம் என்று ஒன்றை நடத்தினார்கள். அதற்கு முன்நின்றவர் இவர். ஆனால் தொல்காப்பியமும் சங்கப் பாட்டும் இன்னும் அவருக்குத் திறக்கவில்லை.

யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் அல்ல, தமிழ்நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் அவர் பணி தொடங்கியது. 1940இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். உரோமையில் முனைவர் பட்டம் வாங்கிய குரு, அங்கே தமிழ்ப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவனாக அமர்ந்து தமிழ் இலக்கியம் படித்தார். ஒருவர் கழுத்தில் சிலுவை, மற்றவர் மார்பில் பூணூல். கிறிஸ்தவத் தலைமையை உருவாக்கியவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர். அடுத்த தலைமுறைப் பயிற்சி என்று இன்று நடக்கும் முகாம்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கிறபோது, நம் கோயில் வளவுக்கு வெளியே இருந்து ஒரு சைவப் புலவரோ ஒரு மௌலவியோ ஒரு விஞ்ஞானியோ வந்து பேசுவதாக இருப்பதில்லை. எல்லாம் நம் ஆட்களே. அது ஒரு பெரிய இழப்பு.

வடக்கன்குளம் என்றவுடன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்க் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகச் சனங்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910இல்தான் அதை இடித்தார்கள். நம் யாழ்ப்பாணம் மட்டும் என்ன? 1920களின் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற ஆணை வந்தபோது குடாநாடு கொந்தளித்தது. அடுத்த தலைமுறையைத் தயாரிக்கிறோம் என்று நாம் சொல்லும்போது எந்தத் தெருப் பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறோம்? பாடகர் குழாத்தில் முதல் வரிசையில் நிற்பவர் யார், பங்குச் சபையில் பேசுபவர் யார், குருமடத்துக்குப் பரிந்துரை பெறுபவர் யார்? கோயிலுக்குள் சுவர் இல்லை. சுவர் போன பிறகும் எங்கே யார் உட்கார்வது என்ற பழக்கம் போகாத இடங்கள் உண்டு.

1945இல் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். வயது 32. அடுத்து எம்.லிட். ஆய்வு, சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில். அந்த ஆய்வுதான் பின்னர் ஆங்கிலத்தில் நூலாகி, ஐந்திணை என்ற கருத்தை உலக அறிஞர் முன்னே வைத்தது. இங்கே ஒருவரை நினைக்க வேண்டும். அப்போது தூத்துக்குடி ஆயர் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. 1923இல் அந்த மறைமாவட்டம் உருவானபோது அதன் ஆயரானவர். நவீன காலத்தில் இலத்தீன் மரபில் ஆயர் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கரையோரப் பங்குகள் நிறைந்த ஒரு மறைமாவட்டத்தில், வேலைக்கு ஆள் வேண்டும். உரோமையில் படித்த இளங்குருவைப் பங்கில் கட்டிப்போடுவதே எந்த ஆயருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் அவரைச் சங்க இலக்கியம் படிக்கச் சிதம்பரத்தில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விட்டார்கள். அந்த நான்கு ஆண்டுகளால் மறைமாவட்டத்துக்கு உடனடியாக ஓர் ஆலயமோ பள்ளியோ கிடைக்கவில்லை. தமிழுக்கு என்ன கிடைத்தது என்பது நமக்குத் தெரியும்.

இதுதான் நான் இந்தக் கதையிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வது. ஒரு பிள்ளையைத் தயாரிப்பவர் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யக் கூடாது. ஊர்காவற்றுறையில் எழுத்தறிவித்தவரும், யாழ்ப்பாணத்தில் இலத்தீன் சொல்லிக்கொடுத்த ஐரோப்பியக் குருவும், உரோமையில் இறையியல் கற்பித்தவரும் இவர் தமிழாராய்ச்சிக்கு உலகத்தைக் கூட்டுவார் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கொடுக்கவேண்டியதை முழுமையாகக் கொடுத்தார்கள், போகவிட்டார்கள்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த விதம்

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ். அதே 1952இல் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் விரிவுரையாளர். தமிழ்த்துறையில் அல்ல, நாளைய ஆசிரியர்களை ஆளாக்கும் கல்வித்துறையில். அங்கிருந்தபடியே லண்டன் சென்று பழந்தமிழர் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். சங்க காலத்துப் பாணர் யார், புலவர் யார், பிள்ளைகள் அவர்களிடம் எதைக் கற்றார்கள் என்ற கேள்விகளோடு வருடக்கணக்காக வாழ்ந்த மனிதர். அவர் இளையோரை நடத்திய விதத்துக்கும் இந்தப் படிப்புக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அந்த இதழ் செய்த வேலையைப் பாருங்கள். பிராகாவில் தமிழ் படித்துக்கொண்டிருந்த இளைஞர் சுவெலபிலின் கட்டுரைகள் 1950களில் அதில் வந்தன. அப்போது அவர் முப்பதைத் தொடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே இளைஞர் டில்லியில் அடிகளாருக்குச் சமமாகச் செயலாளர் பொறுப்பில் இருக்கிறார். ஒரு பக்கம் எழுத இடம். பிறகு ஒரு பெரும் பொறுப்பில் பாதி. இளையவர் ஒருவரை வளர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான பாதையை நான் கண்டதில்லை. மேடையில் ஏற்றிப் பாராட்டி இறக்கிவிடுவது வளர்ப்பது ஆகாது.

மறைக்கல்வி கற்பிப்பவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு பக்கமும் அடிகளாரின் தேடலில் உண்டு. ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடித் திரிந்தார் அவர். 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா', தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறு நூல். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக்கி அடிகளார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'. இந்த இரண்டைப் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். 1586இல் அச்சான 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைக் கண்டு சொன்னவரும் அவரே. அந்தாவோ தெ புரோவென்சா தொகுத்து 1679இல் வெளியான தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக்கினார். கார்த்தில்யாவும் தம்பிரான் வணக்கமும் என்ன நூல்கள்? வேதம் படிக்கத் தொடங்குபவர்களுக்கான பாடப் புத்தகங்கள். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய தமிழ், பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதற்காகவே அச்சேறியது. கார்த்தில்யாவைத் தமிழாக்கியவர்களாக அந்த நூலிலேயே வின்சென்ட், கார்வால்யோ, தாமஸ் என மூன்று தமிழர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒரு நூலின் முகப்பில் மண்ணின் மனிதர்களுக்கு 1554இல் கிடைத்த இடம், பின்னாளில் பல மிசன் நூல்களில் உதவி புரிந்த பண்டிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

1961இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகம் போனார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1968 ஜனவரியில் சென்னை, அண்ணா முதலமைச்சராக இருந்த காலம். கடற்கரையில் சிலைகள் எழுந்தன. 1970இல் பாரிஸ். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணத்து மாநாட்டைக் கொழும்பில்தான் நடத்தவேண்டும் என்று அரசு நெருக்கியபோது, யாழ்ப்பாணத்திலேயே நடத்துவோம் என்று பொறுப்பைச் சுமந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அடிகளாரைவிடப் பதினொரு வயது இளையவர், சைவர். அடிகளார் மாநாட்டில் இருந்தார். நடத்தியவர்கள் அடுத்த தலைமுறையினர். ஊரே வாழை நட்டு, தோரணம் கட்டி, அலங்கார ஊர்திகள் இழுத்துக் கொண்டாடிய அந்த நாட்கள், ஜனவரி 10ஆம் தேதி இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே பொலிசாரின் செயலால் உயிர்கள் பறிபோய் முடிந்தன. அந்த இரவு ஈழத்து இளைஞர்களின் மனத்தைத் திருப்பியது. தான் பிறந்த மண்ணில், தான் தொடங்கிய மாநாட்டின் கடைசி நாளில் அப்படியொன்று நடந்ததை அடிகளார் எப்படித் தாங்கினாரோ என்று நினைக்கையில் இன்றும் மனம் கனக்கிறது.

வித்தியானந்தன் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். வ.அய். சுப்பிரமணியம் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். சுவெலபில் தமிழ் இலக்கிய வரலாற்றை உலகம் படிக்கும்படி எழுதினார். 1980இல் தந்தை செல்வா நினைவுப் பேருரையில் அடிகளார், தமிழாராய்ச்சி கடந்துவந்த வழியையும் இனிப் போகவேண்டிய வழியையும் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் கண்மூடினார். அவர் மறைந்த மறுவருடம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது.

கைமாறிய பள்ளி, காலியான தீவு

அடிகளார் காலத்துப் பாதை இன்று அப்படியே கிடைக்காது. அதற்கு இரண்டு பெரிய காரணங்கள்.

1960-61இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. புனித பத்திரிசியார் போன்ற சில கல்லூரிகள் கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாகத் தாக்குப்பிடித்தன. ஊர்களில் கோயிலை ஒட்டி நின்ற நூற்றுக்கணக்கான பள்ளிகள் கைமாறின. ஏழைப் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய கல்வி கிடைத்தது என்பதால் அந்த மாற்றத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை ஒரு குருவானவர் பிள்ளையை வாரம் ஐந்து நாள் வகுப்பில் பார்த்தார். எந்தப் பிள்ளை எதைக் கேள்வி கேட்கிறது, எதற்கு அழுகிறது, எதில் விடாப்பிடியாக நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு மிஞ்சியது ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேர மறைக்கல்வி. அந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் நன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் ஆயத்தம், ஒளிவிழாவுக்கு நடனப் பயிற்சி, பரீட்சை. பிள்ளையை அறிய நேரம் எங்கே?

இரண்டாவது, போர். 1990-91இல் தீவுப்பகுதி காலியானது. சனம் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனது. கூரை இழந்த வீடுகள், பற்றைக் காடான வளவுகள், ஆளில்லாத பள்ளிகள். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் எறிகணைகள் விழுந்தபோது புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் செத்தார்கள். அந்தப் பங்கின் இளங்குரு திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள் அதே மாதம் 20ஆம் தேதி காணாமல் ஆக்கப்பட்டார். இன்றுவரை பதிலில்லை. தன் சனத்தோடு நின்றால் என்ன நேரும் என்பதை இந்தத் தீவின் பிள்ளைகள் கதையாகக் கேட்டு வளரவில்லை. அருகிலிருந்து பார்த்து வளர்ந்தார்கள்.

நெடுந்தீவில் 1940இல் பிறந்து 1992 முதல் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையும் இந்தக் கடலின் பிள்ளைதான். போர் முடிந்த பிறகு 2011இல் அரசின் ஆணைக்குழு முன்னே போய், வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரச செயலகங்களின் கணக்கை வைத்தே கேட்ட கேள்வி அது. சத்தம் போடாமல், எண்ணை மேசையில் வைத்துக் கேட்டார். ஒரு தலைவர் தன் வீட்டுப்பாடத்தைச் செய்துகொண்டு போய் அதிகாரத்தின் முன் நிற்பதை இளையோர் பார்ப்பது பத்துத் தலைமைத்துவ முகாம்களுக்குச் சமம்.

2015இல் யாழ்ப்பாண ஆயரான ஜஸ்ரின் பேர்ணாட் ஞானப்பிரகாசம் ஆண்டகை 1948இல் பிறந்ததும் கரம்பொன்னில்தான். ஒரு சிற்றூரிலிருந்து தமிழாராய்ச்சித் தலைமகன் ஒருவரும் ஆயர் ஒருவரும் வந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வரிசையில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்த நாளிலிருந்து பெண்பிள்ளைகளின் கல்விக்கு அருட்சகோதரிகள் கொடுத்த உழைப்பு மிகப்பெரியது. கரம்பொன்னிலும் சிறிய புஷ்ப மகளிர் பாடசாலை இருக்கிறது. இன்று எந்தப் பங்கிலும் மறையாசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோயிலைக் கூட்டுவது, பூ வைப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள். தீர்மானம் எடுக்கும் மேசையில் அவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயரை வரலாறு எங்கே எழுதுகிறது? அண்ணாவிமார் ஆண்களாகவே இருந்தார்கள். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறையாசிரியர் பணியை ஆண் பெண் இருபாலருக்குமான நிலையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். நம் ஊர்களில் அது இன்னும் தாளில்தான் இருக்கிறது என்பது வருத்தம்.

கொடுக்கத் தகுந்த வேலை

நம் பங்குகளில் இளையோருக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்று யோசித்தால், கொடி கட்டுவது, கதிரை அடுக்குவது, ஒலிபெருக்கி பார்ப்பது, திருநாளுக்கு நன்கொடை சேர்ப்பது என்று பட்டியல் போகும். இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூளையும் மனச்சாட்சியும் உழைக்கவேண்டிய வேலை அதில் இல்லை. பிறகு, பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை என்று மூத்தவர்கள் கவலைப்படுகிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்குக் கதிரை அடுக்குவது போதாது.

அடிகளார் செய்ததை எண்ணிப் பாருங்கள். 1966இல் தமிழியல் நூல்களுக்கு அவர் ஒரு விரிவான வழிகாட்டிப் பட்டியல் வெளியிட்டார். அலுப்பான வேலைதான். ஆனால் அதன் பிறகு தமிழை ஆராய வந்த எவரும் இருட்டில் தொடங்கவேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட வேலை தீவுப்பகுதியில் நிறையக் கிடக்கிறது. இடப்பெயர்வுகளுக்குப் பின் எந்த ஆலயத்தில் எந்த ஆண்டின் ஞானஸ்நானப் பதிவேடு மிஞ்சியிருக்கிறது? எந்த வீட்டுப் பெட்டியில் எந்தக் கூத்தின் கொப்பி இருக்கிறது? வியாகுலப் பிரசங்கத்தை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு இராகத்தில் ஓதுகிறது. முதியவர்கள் கண்மூடுவதற்குள் அந்த இராகங்களைப் பதிவுசெய்வது யார்? மரிய சேவியர் அடிகள் 1960களில் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, இளையவர்களின் கையில் நாடகத்தைக் கொடுத்து, போர்க்காலத்திலும் நடத்திக் காட்டினார். பாதி வழி திறந்தே இருக்கிறது.

ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, நெடுந்தீவு என்று ஆலயம் ஆலயமாக இந்தத் தேடலை இருபது வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். பெண்பிள்ளைகள் தலைமை தாங்கட்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற கரம்பொன்னார் திருநாள் வெடிக்கும் அலங்கார மின்விளக்குக்கும் அனுப்பும் காசில் ஒரு பங்கை ஒலிப்பதிவுக் கருவிக்கும், பயிற்சிக்கும், அந்தப் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஒருவர், சைவரோ கிறிஸ்தவரோ, வழிகாட்டலாம். பங்குத்தந்தை அறைச் சாவியைக் கொடுக்கவேண்டும். பதிவேடு கெட்டுவிடும் என்ற பயத்தை விடவேண்டும். எந்த ஆலயத்திலிருந்து தொடங்குவது, எதை முதலில் பதிவது என்பதை அந்தப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். வெளிவரும் நூலின் முகப்பில் அவர்கள் பெயர் இருக்கட்டும். குருவானவரின் பெயரும் தலைவரின் பெயரும் உள்ளே, நன்றிப் பக்கத்தில் இருந்தால் போதும்.